ஆறு மாதத்தில் ஒரு திகதி

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு மகளுக்கு. மருமகன்தான் பெட்டியோடு வந்து சேருவான். ஆண்பிள்ளை பெற்றவள் அவனை வளர்த்து, படிப்பித்து, ஒரு வேலையிலும் ஏற்றிவிட்டு, நல்லநாள் பார்த்து இன்னொருத்தியின் வீட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டியதுதான். எனக்குப் பிறந்த இரண்டும் ஆண். மூத்தவன் துசாந்தன் சித்தாண்டியில் பெண்சாதி மேனுகா வீட்டோடு இருக்கிறான். இளையவன் கட்டாரில். வந்தால் அவனுக்கும் வேறொரு வீடு தயாராக இருக்கிறது. இவர்களுடைய அப்பா போய் ஐந்து வருடமாகிறது. செட்டிபாளையத்தில் நாலு அறை வீட்டைக் கட்டி வைத்துக்கொண்டு, நான் ஒருத்தி எந்த அறையில் படுப்பது என்று தினமும் யோசிக்கிறேன்.

குறை சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு முதல் என் புருசனை அவருடைய தாயிடமிருந்து நானும் இப்படித்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்த மனுசி பிறகு தனியாக என்ன செய்தா, என்ன தின்றா என்று ஒருநாளாவது யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன். அதால் அவவுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

ஊரில் என்னைத் தெரியாதவர் இல்லை. முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் இருந்தவள். வசந்தாதேவி மிஸ் பெரிய சட்டக்காரி என்று பெயர். ஒரு முத்திரை குறைந்தாலும் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், வந்தது என் சொந்தக்காரனாக இருந்தாலும். அந்தக் காலத்தில் நாளுக்கு நாற்பது ஐம்பது பேர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். ஓய்வு பெற்று ஒன்றரை வருடம். இப்போது ரோட்டில் கண்டால் "மிஸ், சுகமா?" என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் சைக்கிள் அடுத்த வேலியைத் தாண்டிவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் இடது மார்பில் அந்தத் தடிப்பு. நானாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் பகுதி மருத்துவமாது சர்மிலா வீடு வீடாக வந்து, பெண்களைப் பரிசோதிக்கிற சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச்சொல்லி என்னை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த டொக்டர் பிள்ளை விரல் நுனியால் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்து, ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். "அம்மா, அநேகமா ஒண்டுமிருக்காது. எண்டாலும் ஒரு மெமோகிராம் படம் எடுத்துப் பார்ப்பம்" என்றாள். துண்டு எழுதித் தந்தாள்.

எனக்கு முதலில் வந்த பயம் சாவைப் பற்றியது இல்லை. எந்த வீட்டில் கிடப்பது என்பதுதான். எங்கள் ஊரில் தாய்க்காரி படுத்துவிட்டால் மகள் பார்ப்பாள். தாயும் மகளும் ஒரே வளவில்தானே. மகள் இல்லாதவள் மகனோடு போக வேண்டும், மகன் இருப்பதோ சம்பந்தியின் வீட்டில். மேனுகா நல்ல பிள்ளை. அவளுடைய அம்மாவும் நல்ல மனுசி. அந்த நல்ல மனுசி விரித்துத் தந்த பாயில், தலைமயிர் கொட்டி, சத்தி எடுத்துக்கொண்டு கிடக்க என்னால் ஏலாது. சம்பந்தி வீட்டில் நான் இதுவரைக்கும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியைக்கூட முழுசாகக் குடித்தவள் இல்லை.

ஆகவே ஒருவருக்கும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். நோய் வருத்தம் இருக்கா இல்லையா என்று தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டவுனில் ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்தில் நாள் கிடைத்தது. எப்படி வர வேண்டும் என்று ஒரு கடுதாசி தந்திருந்தார்கள். "பவுடர், கிரீம், சென்ட் எதுவும் பூசாமல் வரவும்." மூன்று தரம் வாசித்தேன். சட்டம் என்றால் எனக்குச் சட்டம்தான். அன்றைக்கு முகத்துக்குக்கூடப் பவுடர் போடவில்லை. விடியக் குளித்து, சாமிப்படத்துக்கு முன்னால் நின்று, சித்தாண்டி முருகன் கோவில் திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசினேன். விரலில் மிச்சம் இருந்தது. கை தானாகச் சட்டைக்குள் போய் அந்த இடத்திலும் தடவியது. மனிசருக்குச் சொல்லவில்லை, அவனுக்காவது தெரியட்டும் என்று நினைத்தேன்.

படம் எடுத்த பிள்ளையின் பெயர் நுஸ்ரா. காத்தான்குடி. முப்பது வயது இருக்கும், தலையில் சாம்பல் நிறத் துணி, கையில் ஒரு மோதிரமும் இல்லை. உள்ளே கூப்பிட்டு, மேற்சட்டையைக் கழற்றச் சொல்லி, ஒரு வெள்ளை அங்கியைத் தந்தாள்.

"பவுடர் கிவுடர் பூசினீங்களா அம்மா?"

"இல்ல மகள். கடுதாசியில போட்டிருந்ததுதானே."

"நல்லம். எல்லாரும் உங்களப் போல வாசிச்சிட்டு வந்தா எனக்கு வேல லேசு" என்றாள்.

எனக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஒருவர் என்னை மெச்சியது அதுதான் முதல் தடவை.

பிறகு என் மார்பைக் கையால் எடுத்து, குளிர்ந்த தட்டில் வைத்து, மேலிருந்து கண்ணாடி போன்ற இன்னொரு தட்டை இறக்கி அமத்தினாள். நோவு இருந்தது, பொறுக்க ஏலாத நோவு இல்லை. "மூச்சப் பிடிங்க... சரி, விடுங்க." மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வலது, இடது என்று மொத்தம் நாலு படம். பத்து நிமிடத்தில் முடிந்தது. அந்தப் பத்து நிமிடமும் அவளுடைய ஒரு கை என் தோளில் இருந்தது. ஒரு மனிசக் கை என் மேல் ஆதரவாகப் பட்டு எத்தனை நாள் என்று பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்த்தேன். கணக்கு ஐந்து வருடத்துக்குக் கிட்டப் போனதும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை போன் அடித்தது. வார நாட்களில் எனக்குப் போன் எடுக்கிற ஆள் இல்லை. துசாந்தன் ஞாயிற்றுக்கிழமைதான் எடுப்பான்.

"அம்மா, நான் நுஸ்ரா, ஸ்கேன் நிலையத்தில இருந்து. இன்னொருக்கா வரணும். டொக்டர் இடது பக்கத்த இன்னும் கொஞ்சம் கிட்டப் பார்க்கணுமாம்."

"ஏன் மகள்? என்ன கண்டவங்க?"

"சின்ன வெள்ளப் புள்ளியள் கொஞ்சம் தெரியிது. பயப்படாதீங்க. இப்பிடிக் கூப்பிடுற கன பேருக்குக் கடைசியில ஒண்டும் இரிக்காது. அடுத்த சனிக்கிழம வாங்க, கொழும்பில இருந்து டொக்டரும் வருவார். உங்களோட ஆரும் துணைக்கு வருவாங்களா?"

"ஓம், மகன் வருவான்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. போனை வைத்த பிறகு குசினி நிலத்தில் இருந்துவிட்டேன்.

சனிக்கிழமைக்குப் பதினொரு நாள் இருந்தது. அந்தப் பதினொரு நாளும் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், செத்துப் போனவளின் வீட்டை ஒழுங்குபடுத்தினேன். அலுமாரியைக் கொட்டி மடித்து வைத்தேன். நல்ல சீலைகளைப் புறம்பாக வைத்தேன். பழைய உள்பாவாடைகளைப் பின்வளவில் எரித்தேன். நான் போன பிறகு மேனுகாவின் அம்மா அதுகளைக் கிண்டக்கூடாது. சமைக்கப் பிடிக்கவில்லை. பாணும் வாழைப்பழமும்தான். இரவில் எந்த அறையில் படுத்தாலும் மற்ற மூன்று அறையும் கண் முன்னால் வந்து நின்றன.

ஞாயிற்றுக்கிழமை துசாந்தன் எடுத்தான். வழமைபோலத்தான். "சாப்பிட்டீங்களா அம்மா?" "ஓம் மகன்." "மழை அங்க எப்பிடி?" "இல்ல." "மேனுகா கேட்டா எண்டு சொல்லச் சொன்னா." "நானும் கேட்டதாச் சொல்லு." அரிசி ஆலையில் அவனுக்கு வேலை, பின்னால் ஏதோ இரைந்துகொண்டிருந்தது. "அப்ப வைக்கிறன் அம்மா." வைத்துவிட்டான். என் நெஞ்சில் வெள்ளைப் புள்ளி இருப்பது எனக்கும், கொழும்பில் இருக்கும் ஒரு டொக்டருக்கும், காத்தான்குடியில் ஒரு பிள்ளைக்கும்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை நுஸ்ரா மறுபடியும் எடுத்தாள். நாளைக்கு ஒன்பது மணிக்கு என்று ஞாபகப்படுத்த. அவள் குரலைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. கோபமும் வந்தது, அவள் மேல் இல்லை, என் மேல்தான். பெற்ற பிள்ளையின் போனுக்கு வராத கண்ணீர், ஞாபகப்படுத்துகிற பிள்ளையின் போனுக்கு வருகிறது.

சனிக்கிழமை விடியக் குளித்துவிட்டு, இந்தத் தடவை திருநீற்றை விரல் நுனியில் தொடவில்லை. சிமிழைக் கவிழ்த்து அள்ளினேன். இடது மார்பு முழுக்க, கக்கம்வரைக்கும் நல்லாகத் தேய்த்தேன். பயம் கூடினால் திருநீறும் கூடத்தானே வேண்டும்.

நுஸ்ரா வாசலில் நின்றாள். "மகன் வரல்லையா?"

"வெளியில நிக்கிறான். பொம்புளயள் வாற இடம், வெக்கப்படுறான்."

அவள் எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய், கதிரையில் இருத்தி, இன்றைக்கு என்ன செய்யப் போகிறோம் என்று சொன்னாள். நான் கேட்காமலே சொன்னாள்.

"போன தடவ முழு மார்பையும் எடுத்தம். இண்டைக்கு அந்த இடத்த மட்டும். பாருங்க, இது சின்னத் தட்டு." உள்ளங்கை அளவு இருந்தது. "சதை ஒண்டுக்கு மேல ஒண்டு கிடந்தா படத்தில கட்டி மாதிரித் தெரியும். வலையக் குவிச்சிப் போட்டா நடுவில என்னமோ கிடக்கிற மாதிரித்தானே இரிக்கும்? விரிச்சா ஒண்டுமில்ல. அதுக்குத்தான் இதால அந்த இடத்த மட்டும் அமத்தி விரிக்கிற."

"புள்ளியளுக்கு?"

"அதுக்குப் பெருப்பிச்சி எடுக்கிற படம் இரிக்கி. இந்த மேடைக்கு மேல வெச்சி எடுத்தா இரண்டு மடங்கு பெரிசா விழும். புள்ளி உருண்டையா இரிக்கா, உடைஞ்ச கல்லு மாதிரி இரிக்கா, சிதறி இரிக்கா, ஒரு இடத்தில கூட்டமா இரிக்கா எண்டு பார்க்கலாம். அது கல்சியம் அம்மா. வயசு போனா கன பேருக்கு மார்பில விழும். முக்கால்வாசி ஒரு தீங்கும் செய்யாது. கூட்டமாச் சேர்ந்து கோணல்மாணலாக் கிடந்தாத்தான் டொக்டர் விடமாட்டார்."

"விடாட்டி?"

கையால் மூன்று விரல் காட்டினாள். "மூணில ஒண்டு சொல்லுவார். ஒண்டுமில்ல எண்டா, வழமையான தவணைக்கு வந்தாச் சரி. பெரும்பாலும் பயமில்ல, எண்டாலும் ஒரு கண் வெச்சிக்கணும் எண்டா, ஆறு மாசத்தில திரும்ப எடுப்பம், மாறிச்சா எண்டு பார்க்க. சந்தேகம் எண்டா மட்டும் ஊசியால துளி எடுத்து அனுப்புவம்."

முப்பத்தொரு வருடம் எத்தனையோ பேருக்கு எத்தனையோ படிவத்தை நான் இப்படி விளங்கப்படுத்தியிருக்கிறேன். ஆனால் அவ்வளவு பொறுமையாக இல்லை. "எழுதியிருக்கிறத வாசிக்கத் தெரியாதா?" என்றுதான் முதலில் கேட்பேன்.

சின்னத் தட்டு பெரிய தட்டைவிட நொந்தது. ஒரே இடத்தில் விரலால் ஊன்றுவதுபோல. நுஸ்ரா திரைக்குப் பின்னால் போனாள், வந்தாள், மறுபடியும் போனாள். திரும்பி வந்தபோது நெற்றி சுருங்கியிருந்தது.

"கூடிட்டா மகள்?"

அவள் கொம்பியூட்டரில் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, விரலால் அளந்துகொண்டு நின்றாள். நானும் அங்கியை இழுத்துப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கறுப்பில் என்னுடைய மார்பு, புகை மாதிரி. பழைய படத்தில் ஒரு ஓரத்தில் வெள்ளைப் பொட்டுகள் கொஞ்சம். புதுப் படத்தில் பார்க்கிற இடமெல்லாம் பொட்டு.

"கூடித்தான் இரிக்கி. ஆனா போன தடவ இருந்த இடத்தில இல்ல" என்றாள். "உடம்புக்குள்ள இரிக்கிற கல்சியம் பதினஞ்சி நாளில நடந்து போகாது அம்மா."

என்னைத் திருப்பி, பக்கவாட்டில் தோல் மட்டும் விளிம்பில் விழுகிற மாதிரி வைத்து இன்னொரு படம் எடுத்தாள். பார்த்தாள். பொட்டெல்லாம் தோலின் கரையில் வரிசையாக நின்றதாம், உள்ளே ஒன்றும் இல்லையாம். பிறகு மெசினுக்குப் போய்க் கண்ணாடித் தட்டை விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்தாள். விரலில் சாம்பல். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"அம்மா... இது என்ன?"

"திருநீறு" என்றேன்.

"பவுடர் பூசினீங்களா எண்டு கேட்டனே!"

"பவுடர் பூசல்லயே மகள். திருநீறு பவுடரா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. சட்டக்காரி மிஸ்! கடுதாசியை மூன்று தரம் வாசித்தவள்! அதில் திருநீறு என்று போடவில்லைதான். ஆனால் முருகனைக் கொண்டுபோய்ப் படத்தில் வருத்தமாக விழுத்தியவள் இந்த மாகாணத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எங்கட உம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போறப்போ ஓதின தண்ணியத் தடவிட்டுத்தான் போவா" என்றாள். "தண்ணி எண்டதால படத்தில தெரியல்ல." பஞ்சையும் இளஞ்சூட்டுத் தண்ணியையும் கொண்டு வந்தாள். நானே துடைக்கிறேன் என்றேன். கக்கத்துக்குள் எனக்குக் கை எட்டவில்லை. அவளே துடைத்தாள், குழந்தையைத் துடைப்பதுபோல மடிப்பு மடிப்பாக, பிறகு துவாயால் ஒற்றினாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன்.

மறுபடியும் எடுத்தாள். ஒரு பொட்டும் இல்லை, போன தடவை விழுந்ததுகூட. வெறும் புகை.

பிறகு டொக்டர் வந்து, தடிப்பு இருந்த இடத்தில் குளிர்ந்த பசையைப் பூசி, ஸ்கேன் கருவியை வைத்து உருட்டினார். திரையில் ஒரு கறுப்பு வட்டம் வந்தது. "தண்ணி நிரம்பின ஒரு சின்னப் பை. இது ஒண்டும் செய்யாது" என்றார். இரண்டு நிமிடம். அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

நுஸ்ரா அறிக்கையை உறையில் போட்டுத் தந்தாள். "அல்ஹம்துலில்லாஹ், நல்ல செய்தி. இனி இரண்டு வருசத்துக்கு இந்தப் பக்கம் வரத் தேவையில்ல அம்மா."

நான் உறையை வாங்கவில்லை. கை வரவில்லை. இரண்டு வருடம். அடுத்த செவ்வாய்க்கிழமை போன் அடிக்காது. வெள்ளிக்கிழமை ஒருவரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்கிறார்கள், என் நெஞ்சு விழுந்து போகிறது. சொல்ல நாணமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

"மகள்" என்றேன். "அந்த ஆறு மாசக் கதை சொன்னீங்களே. எனக்கும் ஆறு மாசத்தில ஒரு திகதி போட ஏலாதா?"

"ஏன்? நோவுதா எங்கயும்?"

"இல்ல. சும்மா. ஒரு கண் வெச்சிக்க."

அவள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். "நல்லா இரிக்கிற ஆளுக்கு நான் எப்பிடியம்மா திகதி போடுற? போங்க, மகன் காத்துக்கொண்டு நிப்பார்." நானும் பகிடி விட்டவள்போலச் சிரித்துக்கொண்டு உறையை வாங்கினேன். வெளியே அடுத்தவள் இருந்தாள், புருசனின் கையைப் பிடித்துக்கொண்டு. நுஸ்ரா அவளுடைய பெயரைக் கூப்பிட்டாள், என்னைக் கூப்பிட்ட அதே குரலில்.

பஸ் நிலையத்தில் இருந்து துசாந்தனுக்கு எடுத்தேன். நல்ல செய்தி என்றால் ஒருவருக்குச் சொல்ல வேண்டும்தானே. பயத்தை நாலு அறைக்குள் பூட்டி வைக்க முடிந்தது. இதை அப்படிப் பூட்ட முடியவில்லை.

"அம்மா, லொறிக்கு மூட்டை ஏத்திக்கொண்டு நிக்கிறம். ஏதும் அவசரமா?"

"டவுனில நிக்கிறன் மகன். நெஞ்சில ஒரு கட்டி மாதிரி இருந்திச்சு. படம் எடுக்க வந்தனான்."

அந்தப் பக்கம் இரைச்சல் குறைந்தது. அவன் எங்கேயோ ஒதுங்கி நடந்து போவது கேட்டது. "என்னம்மா சொல்றீங்க? எப்ப இருந்து? என்ன சொன்னாங்க?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் எடுத்தேன், சத்தியமாக. உறை மடியில் இருந்தது. ஒன்றுமில்லை என்றால் அவன், "அப்பாடா, சரி அம்மா, ஞாயிற்றுக்கிழம எடுக்கிறன்" என்பான், திரும்ப மூட்டைக்குப் போய்விடுவான். அதில் அவனுக்கு ஒரு பிழையும் இல்லை.

"பெரும்பாலும் பயமில்லையாம்" என்றேன். "எண்டாலும் ஒரு கண் வெச்சிக்கணுமாம். ஆறு மாசத்தில திரும்ப வரச் சொல்லியிருக்காங்க."

"நீங்க தனியாவா போனீங்க?" குரல் உடைந்தது. "வீட்ட போங்கம்மா. நான் இப்பவே வாறன்."

வீட்டுக்கு வந்ததும் உறையைச் சீலைகளுக்கு அடியில் வைத்து அலுமாரியைப் பூட்டினேன். இரண்டு மணிக்குள் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சித்தாண்டியில் இருந்து நாற்பது கிலோமீற்றர்; எப்படி ஓடினானோ. உடுப்பெல்லாம் தவிடு. பின்னால் மேனுகா, மடியில் சோற்றுச் சட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. இறங்கி ஓடி வந்து என்னைப் பிடித்தவள், "மாமி, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லல்லையே" என்று அழுதாள். கண் வீங்கியிருந்தது. வழியெல்லாம் அழுதிருக்கிறாள்.

அவள் சோறு போட்டாள். மீன்குழம்பு, முருங்கையிலைச் சுண்டல். பதினொரு நாளைக்குப் பிறகு நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். துசாந்தன் எதிரே இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தட்டில் சோறு அப்படியே கிடந்தது.

"அறிக்கை எங்கம்மா?"

"அங்கதான் வைச்சிருக்காங்க. அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க."

நம்பினான். என்னை நம்பாமல் வேறு ஆரை நம்புவான். எழும்பிப் போய்ச் சுவர்க் கலண்டரைப் புரட்டி, "எத்தினையாம் திகதி வரச் சொன்னாங்க?" என்று கேட்டான். இன்றைக்கு ஆனி பதினாலு; அதில் இருந்து மனதுக்குள் எண்ணினேன். "மார்கழி பதின்மூண்டு. சனிக்கிழமை." அவன் வட்டம் போட்டு, பக்கத்தில் 'அம்மா' என்று எழுதினான். மேனுகா, அதுவரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் வருவோம் என்றாள். என் காலடியில் இருந்து என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். அவளுடைய விரல்கள் நடுங்கின. அந்த நடுக்கத்தை என்னால் ஒரு சொல்லில் நிறுத்த முடியும். நான் நிறுத்தவில்லை. எவ்வளவு கேடுகெட்டவள் நான் என்று நினைத்துக்கொண்டு அந்தக் கையின் சூட்டை அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

நாலரை மணிக்கு, இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று துசாந்தன் எழும்பினான். மேசையில் கிடந்த சாவியை எடுத்தான். வாசல்வரை போனவன் திரும்பி நின்றான்.

"அம்மா, நோகுதா?"

எனக்கு எந்த இடத்திலும் நோகவில்லை.

"கொஞ்சம் நோகுது மகன்" என்றேன். முதல் பொய்யைவிட இது லேசாக வந்தது.

அவன் உள்ளே வந்து சாவியைத் திரும்ப மேசையில் வைத்தான்.